பதிமூன்று குளியல்

ஆயிரத்து இருநூற்று இரண்டு டாலர், ஐம்பது சென்ட். அந்தத் தொகை இருந்த இடத்தைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டுதான் வெண்டல் டோர் காகிதத்தை என் சமையலறை மேசைமேல் வைத்தான். வீட்டில் என்னையும் பூனையையும் தவிர யாரும் இல்லை.

"படிச்சுச் சொல்லு, எல்டன். எண்ணு எனக்கே தெரியும். எழுத்துதான் ஓடமாட்டேங்குது."

வெண்டல் நாலாம் வகுப்பில் பள்ளியை விட்டு மட்டி தோண்டப் போனவன். கடல் எப்போது வற்றும், எப்போது ஏறும் என்ற அட்டவணையை எழுபத்தெட்டு வயதிலும் கண்ணாடி இல்லாமல் படிப்பான். அது முழுக்க எண்கள். கடிதம் கிடிதம் வந்தால் அவன் மனைவி ஆர்வில்லா படித்துச் சொல்வாள். சர்க்கரை நோய் அவள் கண்ணைத் தின்ற பிறகு அதுவும் போயிற்று. நானும் ஐம்பத்தொரு வயதுவரை எழுத்தறியாதவன்தான். மத்தி மீன் டப்பாத் தொழிற்சாலையை மூடியபோது, வேறு வேலைக்கு விண்ணப்பம் எழுதத் தெரியாமல், ஊர் நூலகத்தின் பின்னறையில் ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். இன்றும் வேகமாக வராது. சேற்றில் நடக்கிறவன் காலை அழுத்திப் பார்த்து வைப்பதுபோல, விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகத்தான் போவேன்.

"அக்டோபர் ஆறு. வீட்டில் குளிப்பாட்டும் உதவி. தொண்ணூத்திரெண்டு அம்பது. அக்டோபர் எட்டு. வீட்டில் குளிப்பாட்டும் உதவி. தொண்ணூத்திரெண்டு அம்பது..."

"இப்படி எத்தன வரி?"

"பதிமூணு."

"ஆர்வில்லாவக் குளிப்பாட்ட ராக்ஸான் வந்த நாளெல்லாம்." தொப்பியைக் கழற்றி முழங்காலில் மாட்டிக்கொண்டான். "மெடிகேர் குடுக்கும்னுதானே சொன்னாங்க? கெழடுகட்டைக்கெல்லாம் கவர்மெண்டு காப்பீடு, நீங்க ஒரு காசு குடுக்க வேண்டாம்னு?"

"அக்டோபர் மூணாந்தேதியோட நின்னுபோச்சாம். அதுக்கப்புறம் வந்ததெல்லாம் உங்க கணக்காம்."

"மூணாந்தேதி என்ன நடந்துச்சு?"

"அது இதுல இல்ல."

வெண்டல் கூரையைப் பார்த்தான். உதடு அசைந்தது. "ஒரு வளையத்துக்கு ரெண்டு டாலர். அறுநூத்தியொரு வளையம். அம்பது சென்ட் என் சட்டப்பையில இருக்கு."

அப்போது நவம்பர் நடுப்பகுதி. கிறிஸ்துமஸுக்கு வாசல் கதவில் மாட்டுகிற பச்சை வளையங்களைக் கட்டும் காலம். எங்கள் கரையில் ஆகஸ்டில் நீலப்பழம் வாருவோம், மற்ற மாதங்களில் மட்டி தோண்டுவோம், இந்த ஐந்து வாரம் ஃபர் என்ற ஊசியிலை மரத்தின் நுனி ஒடிப்போம். மூன்று கடும் உறைபனி விழ வேண்டும். அதற்கு முன் ஒடித்தால் வளையம் நியூயார்க் போய்ச் சேர்வதற்குள் ஊசியிலையெல்லாம் உதிர்ந்து கம்பி பல்லிளிக்கும். ஒடித்ததை நீளக் கழியில் கோத்துத் தோளில் தூக்கி வர வேண்டும், கழிக்கு ஐம்பது பவுண்டு. வெண்டலுக்கு முதுகு போய்ப் பத்து வருடம் ஆகிறது. அவன் கழி இருபது பவுண்டுக்கு மேல் இருக்காது. அதையும் இரண்டு இடத்தில் இறக்கிவைப்பான்.

கட்டுகிறவள் ஆர்வில்லா. மறுநாள் நான் போனபோது அடுப்புக்குப் பக்கத்தில் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து கட்டிக்கொண்டிருந்தாள். கால் இரண்டும் வீங்கி ஒரு பெட்டிமேல் கிடந்தன. கண் தெரியாதது கைக்குத் தெரியவில்லை. மூன்று நுனியைச் சேர்த்து ஒரு பிடி, கம்பி வளையத்தில் வைத்து இரண்டு சுற்று, இழுத்து இறுக்கி அடுத்த பிடி. ஒரு காலத்தில் தினம் எழுபது கட்டியவள். இப்போது பன்னிரண்டு கட்டுவதற்குள் மூச்சு வாங்கியது. வீடு முழுக்க ஃபர் வாசனை. அதற்கடியில் இன்னொரு வாசனையும் லேசாக இருந்தது. நான் மூக்கைத் திருப்பிக்கொள்ளவில்லை; கண் தெரியாவிட்டாலும் அவள் கவனித்துவிடுவாள்.

"வந்துட்டாரு வக்கீலு," என்றாள். "என்ன எல்டன், எம்புட்டுக் கடன்? இந்தக் கெழவன் ராத்திரி பூரா படுக்கையில எண்ணிக்கிட்டு கெடந்தான். ஆட்டுக்குட்டி எண்ணுறான்னு நெனச்சேன்."

"நான் ஒண்ணும் எண்ணல," என்றான் வெண்டல்.

"நானூத்து நாப்பது வரைக்கும் நானே கேட்டேன்."

தொகையைச் சொன்னேன். அவள் கை ஒரு சுற்று நின்று, மறுபடி ஓடியது.

"குளிச்சதுக்கா?"

"பதிமூணு குளியலுக்கு."

"அடேயப்பா. ராணி கூட அந்த வெலைக்குக் குளிக்கமாட்டா. அந்தப் புள்ள ராக்ஸானுக்கு மணிக்குப் பதிமூணு டாலர்தான் குடுக்குறாங்க, அவளே சொன்னா. மிச்சம் யாரு குளிக்கிறது?"

ராக்ஸான் ஜூலை மாதத்திலிருந்து திங்கள், புதன், வெள்ளி வந்துகொண்டிருந்தாள். ஆர்வில்லாவின் முழங்காலுக்குக் கீழே புண் வந்து, மருத்துவமனையில் பத்து நாள் கிடந்து வீடு திரும்பியபோது டாக்டர் எழுதிக்கொடுத்த ஏற்பாடு அது. வாரம் ஒரு முறை நர்ஸ் வந்து புண்ணைக் கட்டுவாள். மூன்று நாள் ராக்ஸான் வந்து குளிப்பாட்டி, தலை வாரி, துணி மாற்றி, படுக்கையைத் திருப்பிப் போடுவாள். நவம்பர் மூன்றாம் தேதி வந்து குளிப்பாட்டிவிட்டுப் போனவளை, மறுநாள் காலை, நர்ஸையும் அவளையும் அனுப்பிவைக்கும் ஏஜென்சியிலிருந்து கூப்பிட்டு இனி அங்கே போகாதே என்று சொல்லிவிட்டார்கள். அவள் ஆர்வில்லாவுக்குத் தொலைபேசியில் அழுதாளாம். காரணம் அவளுக்கும் தெரியவில்லை.

"இப்ப யாரு குளிப்பாட்டுறது?" என்று கேட்டேன்.

"இருக்கானே ஒரு மகராசன். தொட்டியில தண்ணிய நெரப்பிட்டு, மட்டிக் கூடைய அலசுற மாதிரி அலசுறான்."

வெண்டல் சிரிக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் காட்டினான். அன்று காலையே தபால் நிலையத்தில் இருபத்தைந்து டாலர் கட்டி ஏஜென்சிக்கு அனுப்பிவிட்டான். கடன்காரன் என்று யாரும் அவனை அதுவரை சொன்னதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம், சனிக்கிழமை வேகவைத்த பீன்ஸில் மிச்சமிருந்ததை ஒரு பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு போனேன். வடமேற்குக் காற்று கன்னத்தை அறுத்தது. கதவைத் தட்டினேன், பதிலில்லை. உள்ளே போனால் குளியலறையிலிருந்து ஆர்வில்லாவின் குரல்.

"யாரு? எல்டனா? கண்ண மூடிக்கிட்டு வா."

இருவரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள், தொட்டியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு. அவள்மேல் வெண்டலின் கம்பளிக் கோட்டு. அவன் பனியனோடு இருந்தான். உதடு நீலம் பாய்ந்திருந்தது. தொட்டியிலிருந்து தூக்கும்போது அவன் முதுகு பிடித்துக்கொண்டதாம். அவளைக் கீழே போட்டுவிடாமல் பிடித்தபடியே தானும் சரிந்திருக்கிறான். அவளால் எழ முடியாது. அவனாலும் எழ முடியவில்லை. இரண்டு மணி நேரம்.

"உக்காரு எல்டன், எடம் இருக்கு," என்றாள். "என்ன கொண்டாந்த? பீன்ஸா? அம்பத்திரெண்டு வருசத்துல இன்னிக்குத்தான் இந்த மனுஷன் ரெண்டு மணி நேரம் என் பக்கத்துல உக்காந்து பேசியிருக்கான்."

"நான் எங்க பேசுனேன்," என்றான் வெண்டல்.

முதலில் அவனைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தேன். பிறகு அவளை. தூக்கும்போது வலது கால் கோட்டுக்கு வெளியே வந்தது. குதிகாலில் காசு அளவுக்குக் கறுப்பு, சுற்றிலும் சிவப்பு. அடியிலிருந்த வாசனை எங்கிருந்து வந்தது என்று அப்போது தெரிந்தது.

"இது எப்பலேர்ந்து?"

"அது ஒண்ணுமில்ல."

"எப்பலேர்ந்து, ஆர்வில்லா?"

"செப்டம்பர்லேர்ந்து இருக்கும்."

"நர்ஸுகிட்ட காட்டலயா?"

"அவ கேக்கல."

"கேட்டா," என்றான் வெண்டல், தரையைப் பார்த்தபடி. "வேற எங்கயாச்சும் புண்ணு இருக்கான்னு கேட்டா. நீதான் இல்லம்மான்னு சொன்ன."

"பின்ன? வீட்டுக்கு வந்த மனுஷிகிட்ட ஊத்தக் காலத் தூக்கி நீட்டுவாங்களா?"

எங்கள் கரையில் வளர்ந்தவர்களுக்கு இது விளங்கும். யாராவது எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், "சொல்றதுக்கு ஒண்ணுமில்ல" என்பதுதான் பதில். பெற்ற மகனைக் கடல் கொண்டுபோன வாரத்திலும் அதுதான் பதில். வீட்டுக்கு ஆள் வருகிறது என்றால் வீடு துலங்க வேண்டும். நர்ஸ் வருவது வெள்ளிக்கிழமை காலை ஒன்பதுக்கு. வெண்டல் நாலு மணிக்கே எழுந்து தரையைத் துடைப்பான். கட்டிலருகே இருக்கிற கமோடு நாற்காலியைக் கொட்டகைக்குத் தூக்கிப்போவான். அவள் பிடித்துக்கொண்டு நடக்கிற வாக்கரை அலமாரிக்குள் நுழைப்பான். அழுக்குத் துணி வண்டிக்குள் போகும். ஆர்வில்லாவுக்கு நீல ஸ்வெட்டர், தேவாலயத்துக்குப் போடுகிற காலணி, உதட்டில் சாயம். இருவருமாகத் தள்ளாடி ஜன்னலோர நாற்காலிக்கு வந்து, அவள் உட்கார்ந்து மூச்சு அடங்கும்போது மணி எட்டே முக்கால் ஆகும். நர்ஸ் வந்தால் காப்பியும் இஞ்சி கேக்கும் தயாராக இருக்கும். இதை நான் பல வெள்ளிக்கிழமை பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

செவ்வாயன்று என் வண்டியில் கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் குதிகாலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நர்ஸை மறுபடி அனுப்பச் சொல்லி எழுதுகிறேன் என்றார். பிறகு வெண்டலைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் உதவிக்கு ஆள் இல்லாமல் இன்னொரு முறை விழுந்தால் முதியோரைக் கடைசிவரை வைத்துப் பார்க்கும் நர்ஸிங் ஹோம்தான், வேறு வழியில்லை என்றார். அது நாற்பத்தைந்து மைல் தள்ளி இருக்கிறது. குளிர்காலத்தில் பாதி நாள் அந்தச் சாலை பனியில் மூடிக் கிடக்கும். அங்கே போன எங்கள் ஊர்க்காரர் யாரும் சவப்பெட்டியில் அல்லாமல் திரும்பியதில்லை.

திரும்பும் வழியெல்லாம் வெண்டல் சாலையையே பார்த்துக்கொண்டு வந்தான். ஆர்வில்லாதான் கேட்டாள்: "தனியா கூப்புட்டு என்ன சொன்னாரு?"

"சாலை வழுக்குது, பாத்துப் போங்கன்னாரு."

"பொய் சொல்லவாச்சும் கத்துக்கயேன்டா கெழவா. எழுவத்தெட்டு வயசாச்சு."

வியாழக்கிழமைகளில் நூலகத்துப் பின்னறையில், நான் எழுத்துக் கற்ற அதே மேசையில், திருமதி லண்ட் உட்கார்ந்திருப்பாள். முப்பது வருடம் தபால் நிலையத்தை நடத்தியவள். ஓய்வுக்குப் பிறகு முதியோர் அலுவலகத்தில் பயிற்சி எடுத்துக்கொண்டு, காப்பீட்டுக் காகிதங்களோடு வருகிறவர்களுக்குச் சம்பளமில்லாமல் வழி சொல்கிறாள். வெண்டலும் நானும் எதிரே உட்கார்ந்தோம். ஆர்வில்லா வீட்டுக் குளிர்பெட்டிக் கதவில் ராக்ஸான் தொங்கவிட்டிருந்த காகிதக் கோப்பு ஒன்றையும் எடுத்துப்போயிருந்தோம்.

அவள் பில்லைப் படித்தாள். தொலைபேசியை எடுத்து ஏஜென்சியில் மூன்று பேரிடம் பேசினாள். நாலாவது ஆளிடம் குரல் உயர்ந்தது. கொஞ்ச நேரத்தில் மூலையிலிருந்த ஃபேக்ஸ் இயந்திரம் நர்ஸின் குறிப்புத் தாள் ஒன்றைத் துப்பியது. அதை என் பக்கம் தள்ளினாள்.

"நீயே படி எல்டன். அவருக்கும் கேக்கட்டும்."

விரலை வைத்தேன். "அக்டோபர் மூன்று. நோயாளி எழுந்து, உடுத்தி, தலை வாரி, நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். துணைக்கருவி இல்லாமல் நடமாடுகிறார். வலி இல்லை என்கிறார். வேறு புண் இல்லை என்கிறார். கால் புண் ஆறிவிட்டது. வீடு சுத்தமாக உள்ளது. நர்ஸ் சேவை இனித் தேவையில்லை."

வெண்டலின் காது சிவந்தது. "நடமாடவே இல்லயே அவ. நாங்கதான் உக்காரவெச்சோம்."

"வாக்கர் எங்க இருந்துச்சு?" என்றாள்.

"அலமாரியில."

திருமதி லண்ட் கண்ணாடியைக் கழற்றினாள். "வெண்டல், நான் சொல்றதக் கேளுங்க. குளிப்பாட்ட மட்டும் ஆள் வேணும்னா மெடிகேர் காசு தராது. நர்ஸுக்குன்னு ஒரு வேல இருக்கணும். ஆளு சுலபமா வீட்ட விட்டு வெளிய போக முடியாத நெலமையில இருக்கணும். அப்பத்தான் நர்ஸ் வருவா. அவ பின்னாடி ராக்ஸான் வருவா. படகுக்குப் பின்னால கயித்துல கட்டின சின்னத் தோணி மாதிரி. படகு போச்சுன்னா தோணியும் போச்சு. நீங்க ரெண்டு பேருமா சேந்து படகத் தொரத்திவிட்டிருக்கீங்க."

"வீட்டக் கூட்டி வெச்சது குத்தமா?"

"குத்தம்னு யாரு சொன்னா? நானும் இந்த ஊருதான்."

பிறகு கோப்பைப் பிரித்தாள். ஒவ்வொரு நாளும் ராக்ஸான் எழுதிவிட்டுப் போன மஞ்சள் தாள்கள். செப்டம்பர் இருபத்து நாலில் நின்றாள். 'வலது குதிகால் சிவந்திருக்கிறது. நர்ஸுக்குச் சொல்லப்பட்டது.' இருபத்தொன்பதில் மறுபடி: 'குதிகால் சிவப்பு கூடியிருக்கிறது. அலுவலகத்தில் சொல்லப்பட்டது.' கோணல் மாணலான எழுத்து, என்னுடையதைப் போல.

"அந்தப் புள்ள சொல்லியிருக்கா. யாரும் படிக்கல," என்றாள் திருமதி லண்ட். "இன்னொண்ணு. சேவைய நிறுத்துறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி ஒரு தாள் குடுத்து, ஆர்வில்லா கையெழுத்து வாங்கியிருக்கணும். இனிமே வந்தா நீங்கதான் காசு குடுக்கணும்னும் எழுதிக் குடுத்திருக்கணும். வாங்குனாங்களா?"

"யாரும் ஒண்ணும் வாங்கல. அவ காப்பி குடிச்சா, கேக்கு நல்லாருக்குன்னா, போயிட்டா."

"ஆபீஸ்ல ராக்ஸான் பேர எடுக்க மறந்து ஒரு மாசம் அனுப்பிட்டு, அந்த மறதிக்கு உங்ககிட்ட காசு கேக்குறாங்க. கையெழுத்து இல்லன்னா கடன் உங்களுது இல்ல. நான் எழுதிப் போடுறேன். பதில் வர நாளாகும், அதுவரைக்கும் காசு கட்டாதீங்க."

"இருபத்தஞ்சு கட்டிட்டேன்."

"கட்டியிருப்பீங்கன்னு தெரியும்." அவள் தாள்களை அடுக்கினாள். "கடன் வேற, ஆள் வேற. ராக்ஸான் திரும்பி வரணும்னா, திங்கக்கிழம வர்ற புது நர்ஸ் கண்ணுல உள்ளது உள்ளபடி படணும். புரியுதா? ஒண்ணையும் ஒளிக்காதீங்க. துடைக்காதீங்க."

திங்களன்று ஏழரைக்கு நான் போனபோது வெண்டல் தரையில் மண்டியிட்டுத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"என்ன பண்ற?"

"ஓரத்த மட்டும்."

கமோடு நாற்காலியைக் காணோம். கொட்டகையிலிருந்து நான் தூக்கி வந்தேன். அவன் ஒரு காலைப் பிடித்து இழுத்தான். இரண்டு கிழவர்கள், ஒரு கமோடு, வாசல்படியில் இழுபறி. பனி தூறிக்கொண்டிருந்தது.

"என் வீட்டு வாளிய நடு வீட்டுல வெக்க நீ யாரு?"

"திருமதி லண்ட் சொன்னாள்ல?"

"அவ வீட்டுல வெக்கச் சொல்லு!"

"ரெண்டு பேரும் உள்ள வாங்க, கதவு தெறந்து கெடக்கு!" என்று கட்டிலிலிருந்து ஆர்வில்லா கத்தினாள். உள்ளே போனோம். நீல ஸ்வெட்டர் போட்டிருந்தாள். உதட்டில் சாயம், கண் தெரியாமல் பூசியதால் ஓரம் கன்னத்துக்கு இழுத்திருந்தது.

"அம்பத்திரெண்டு வருசம் இந்த வீட்டுல குடித்தனம் பண்றேன்," என்றாள். சத்தமில்லாமல் சொன்னாள். "பாதிரியார் வந்தாரு, தேவாலயத்துப் பொம்பளைங்க வந்தாங்க, வெண்டலோட அம்மா வந்தா, அவ கண்ணு ஊசிக் கண்ணு. ஒருத்தியும் என் வீட்டுல ஒரு அழுக்குப் பாத்திரம் பாத்ததில்ல. இப்ப முன்பின் தெரியாதவ முன்னாடி நான் பீவாளியோட உக்காரணுமாக்கும்."

கமோடு எங்கள் நடுவில் நின்றது.

"டாக்டர் அன்னிக்கு என்ன சொன்னாரு, வெண்டல்?"

அவன் தொப்பியைச் சுருட்டினான். "இன்னொரு தடவ விழுந்தா ஹோம்தான்னாரு."

"அத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிச் சொல்றது?"

அவள் வெகுநேரம் ஸ்வெட்டரின் பித்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். பிறகு, "அத அது இருந்த எடத்துல வெய்யி," என்றாள். "சாயத்த மட்டும் அழிக்கமாட்டேன்."

ஒன்பதுக்கு நர்ஸ் வந்தாள். பிங்கம் என்று பெயர்; ஐம்பது வயதிருக்கும், பனிக்கான காலணியை வாசலிலேயே கழற்றிவிட்டு வெறும் காலுறையோடு உள்ளே வந்தாள். கட்டிலருகே உட்கார்ந்து, "எப்படி இருக்கீங்க, திருமதி டோர்?" என்றாள்.

"சொல்றதுக்கு ஒண்ணுமில்ல," என்றாள் ஆர்வில்லா.

வெண்டல் வாயைத் திறந்தான். அவன் என்ன சொல்லியிருப்பான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஏனென்றால் ஆர்வில்லா கையைத் தூக்கினாள்.

"நீங்க ரெண்டு பேரும் கொட்டகைக்குப் போங்க. கதவச் சாத்திட்டுப் போங்க."

போனோம். கொட்டகையில் கட்டி முடித்த வளையங்கள் பத்துப் பத்தாகக் கழிகளில் தொங்கின. வெண்டல் ஒரு கழியை எண்ணினான். அடுத்ததை எண்ணினான். மறுபடி முதல் கழிக்கு வந்தான். கையில் ஒட்டிய மரப்பிசின் போகப் பன்றிக் கொழுப்பைத் தேய்த்துக்கொண்டு நான் ஜன்னல் பக்கம் நின்றேன். வீட்டுப் புகைபோக்கியில் புகை நேராக ஏறிக்கொண்டிருந்தது.

"என்னடா இவ்வளவு நேரம்?" என்றான்.

"பேசுறாங்க."

"அவளுக்கு அவ்வளவு பேச வராதே."

முக்கால் மணி நேரம் கழித்து நர்ஸ் பிங்கம் வெளியே வந்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டாள், குளிராக இருக்கலாம். "குதிகால் மோசமா இருக்கு. வாரத்துக்கு ரெண்டு தடவ நான் வர்றேன். புதன்கிழமையிலேர்ந்து குளிப்பாட்ட ஆளும் வரும்," என்றாள். வண்டிக்கதவைத் திறந்தவள் திரும்பி, "அவங்கள நீங்க இனிமே தொட்டியிலேர்ந்து தூக்காதீங்க, திரு டோர். அவங்க சொல்லச் சொன்னாங்க," என்றாள்.

உள்ளே ஆர்வில்லா சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். உதட்டுச் சாயம் தலையணையில் பட்டிருந்தது.

"எல்லாம் சொல்லிட்டேன்," என்றாள் சுவரைப் பார்த்தபடி. "வாளி, படுக்கை நனையிறது, எல்லாம். நீங்க ரெண்டு பேரும் சாகுற வரைக்கும் அதப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்த பேசக்கூடாது."

"என்னத்தப் பத்தி?" என்றான் வெண்டல்.

"அதான். அப்படியே இரு."

புதன்கிழமை ராக்ஸானே வந்தாள். முதல் கால் மணி நேரம் ஆர்வில்லா அவளைத் திட்டினாள், வீட்டுச் சங்கதியைத் தாளில் எழுதி வைத்ததற்காக. ராக்ஸான் வெந்நீரைக் கலந்துகொண்டே, "எழுதுறதுக்குத்தான் சம்பளம், ஆர்வில்லா. குளிப்பாட்டுறது ஓசி," என்றாள். குளியலறைக் கதவு சாத்திக்கொண்டது. தண்ணீர்ச் சத்தமும் இரண்டு பேர் பேச்சும் கேட்டன. வெண்டல் அடுப்பருகே உட்கார்ந்தபடியே தூங்கிப்போனான்.

அந்த வருடம் அவர்கள் இருநூற்றெழுபது வளையம் கட்டினார்கள். டிசம்பர் பத்தோடு வாங்குகிறவனின் வண்டி வருவது நின்றது. குதிகால் ஆறுவதும் திரும்புவதுமாக இருந்தது. வளையத்துக் காசில் விறகும் எண்ணெயும் போக மிச்சத்தை, பதில் வரட்டும் என்று வெண்டல் ஒரு காப்பி டப்பாவில் போட்டு வைத்தான். அதற்குமேல் செலவழிக்க அவனுக்கு மனம் வரவில்லை.

ஜனவரி மூன்றாவது வாரம், ஒரு புதன்கிழமை காலை, கடிதம் வந்தது. என்னை வீட்டுக்கே கூப்பிட்டான். ஆர்வில்லா ஜன்னலோர நாற்காலியில் இருந்தாள். வாக்கர் பக்கத்திலேயே நின்றது. கமோடு கட்டிலருகே, மேலே ஒரு பூப்போட்ட துணியோடு. அந்தத் துணியை மட்டும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை.

உறையைப் பிரித்தபோது ஒரு காசோலை விழுந்தது. வெண்டல் அதை எடுத்து எண்ணைப் பார்த்தான். "இருபத்தஞ்சு. அவங்க எதுக்கு எனக்குக் காசு அனுப்புறாங்க?"

"இரு, படிக்கிறேன்." விரலை வைத்தேன். "முறையான அறிவிப்பு வழங்கப்படாததால்... மேற்கண்ட பதிமூன்று வருகைகளுக்கான தொகை... தள்ளுபடி செய்யப்பட்டது. நீங்கள் செலுத்திய தொகை திருப்பி அனுப்பப்படுகிறது. செலுத்த வேண்டிய பாக்கி, பூஜ்யம் டாலர், பூஜ்யம் சென்ட்."

"இன்னொரு தடவ," என்றாள் ஆர்வில்லா.

இன்னொரு தடவை படித்தேன். இந்த முறை கொஞ்சம் வேகமாக வந்தது.

"ராக்ஸானுக்கு அந்தப் பதிமூணு நாள் சம்பளம் கெடச்சுதா?" என்றான் வெண்டல்.

"கெடச்சுதுன்னு அவளே சொன்னாள்ல?"

"அப்ப யாருக்கும் நாம பாக்கியில்ல?"

"யாருக்கும் இல்ல."

அவன் காசோலையை மடித்துக் காப்பி டப்பாவில் போட்டான். அப்போது கதவு திறந்தது; பனிக்காற்றோடு ராக்ஸான் உள்ளே வந்தாள், தோளில் பை, தலைமுடியில் பனி.

"எப்படி இருக்கீங்க, ஆர்வில்லா?"

"சொல்றதுக்கு..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். வெண்டல் டப்பா மூடியைக் கையில் வைத்தபடியே நின்றான்.

"குதிகால் வலிக்குது, புள்ள," என்றாள் ஆர்வில்லா. "ராத்திரி பூரா பொட்டுத் தூக்கமில்ல. மொதல்ல அந்தக் கதவச் சாத்து, குளிருது."

ராக்ஸான் கதவைச் சாத்திவிட்டுக் ஆர்வில்லாவின் காலுறையைக் கழற்றக் குனிந்தாள். நான் கடிதத்தை மடித்து கடல் ஏற்ற இறக்க அட்டவணை தொங்கிய ஆணியில் மாட்டினேன். பிறகு வெண்டலும் நானும் கோட்டை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனோம்.